டாஷ்போர்டில் யார் என்ன பண்ணாங்க? கன்டெய்னர் மறந்துடும், நீங்க மறக்கக்கூடாது

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். கேட்பதை விட வாசிப்பது வசதி என்பவர்களுக்காக.)

இந்த வாரம் ஒரு கேள்வியில் இருந்து ஆரம்பிக்கலாம்.

உங்க கம்பெனியில் ஒரு டாஷ்போர்டு ஓடுதுன்னு வச்சுக்கோங்க. விற்பனைக் கணக்கு, வாடிக்கையாளர் பட்டியல், போன் நம்பர் எல்லாமே அதில் இருக்கு. நாற்பது பேர் லாகின் பண்றாங்க. ஒருநாள் அந்தப் பட்டியல் அப்படியே எக்செல் ஃபைலாக வெளியே சுத்துது. மேனேஜர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார்: "போன செவ்வாய்க்கிழமை இதை யாருப்பா டவுன்லோட் பண்ணது?"

ஆக்டிவிட்டி லாக் இருந்தால் இது பத்து நிமிட வேலை. இல்லையென்றால் நாற்பது பேரும் சந்தேக வளையத்துக்குள். அப்புறம் அந்தச் சந்தேகம் பொதுவாக யார் தலையில் விழும்னு உங்களுக்கே தெரியும்: போன மாசம் பேப்பர் போட்டவர், இல்லைன்னா புதுசா சேர்ந்தவர். அதனால் லாக் என்பது தப்பு செய்தவரைப் பிடிக்க மட்டும் இல்லை. தப்பு செய்யாத முப்பத்தொன்பது பேரைக் காப்பாற்றவும்தான்.

இதில் ஒரே ஒரு சிக்கல். நேத்து நடந்ததை இன்னைக்கு லாக் பண்ண முடியாது. கேள்வி வருவதற்கு முன்னாடியே பதிலை எழுதி வைத்திருக்க வேண்டும். எப்படி எழுதுவது, எங்கே வைப்பது, எதை எழுதவே கூடாது என்பதுதான் இந்த எபிசோடு.

லாக் இருக்கே, அது போதாதா?

பல டீம்களில் முதல் பதில் இதுதான்: "லாக் எல்லாம் இருக்கு, டாக்கர் லாக்ஸ் அடிச்சா வருமே." வரும். ஆனால் எது வரும்?

மூன்று வகை லாக்கைப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது அப்ளிகேஷன் லாக். டேட்டாபேஸ் கனெக்ஷன் அறுந்தது, மெமரி போதவில்லை மாதிரியான எரர்கள். இது சாஃப்ட்வேரின் உடல்நிலையைச் சொல்லும். இரண்டாவது ஆக்சஸ் லாக். இந்த ஐபியில் இருந்து இந்த முகவரிக்கு ஒரு ரிக்வெஸ்ட் வந்தது, 200 என்று பதில் போனது என்பது மாதிரி. வாசலில் யாரோ வந்தார்கள் என்பது தெரியும், வந்தது யார் என்பது தெரியாது. மூன்றாவதுதான் ஆக்டிவிட்டி லாக். இன்னார், இந்த டாஷ்போர்டைத் திறந்தார், இந்த சார்ட்டை எக்ஸ்போர்ட் பண்ணினார், இத்தனை மணிக்கு. மேனேஜர் கேட்ட கேள்விக்கு இது மட்டும்தான் பதில் சொல்லும்.

இங்கே டெவலப்பர்கள் வழக்கமாகத் தவறவிடுவது ஒன்று உண்டு. நாம் மாற்றங்களை எழுதி வைப்போம்: யார் எடிட் பண்ணாங்க, யார் டெலீட் பண்ணாங்க. ஆனால் டாஷ்போர்டு என்பதே பார்ப்பதற்கான இடம். அங்கே ஆபத்தான செயல் மாற்றுவது இல்லை, பார்ப்பதும் எடுத்துக்கொண்டு போவதும்தான். எனவே 'பார்த்தார்', 'டவுன்லோட் செய்தார்' ஆகிய இரண்டும் பதிவாகவில்லை என்றால் லாக் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இதற்கு 2023இல் நடந்த ஒரு சம்பவம் நல்ல உதாரணம். மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் சேவைக்குள் புகுந்த ஒரு குழு, அமெரிக்க அரசு அதிகாரிகள் உட்பட 500க்கும் மேற்பட்டவர்களின் மெயில் பெட்டிகளுக்குள் போனது. அவர்கள் எதையும் அழிக்கவில்லை, சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கண்டுபிடித்தது அமெரிக்க வெளியுறவுத் துறையின் பாதுகாப்பு டீம். மெயில் திறக்கப்பட்டால் பதிவாகும் ஒரு லாக் அவர்களிடம் இருந்தது, அதன் மேல் ஓர் எச்சரிக்கையும் அமைத்து வைத்திருந்தார்கள். ஆனால் அந்த லாக், அதிக விலை கொடுத்து வாங்கும் பிளானில் மட்டும்தான் அப்போது கிடைத்தது. சாதாரண பிளானில் இருந்தவர்களிடம் அந்தப் பதிவே இல்லை. இது பெரிய விமர்சனமாக வெடித்த பிறகு, கூடுதல் கட்டணம் இல்லாமல் இன்னும் பலருக்கு அந்த லாக்குகளைத் திறந்துவிடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எழுதப்பட்டிருந்ததால் பிடிபட்டது, அவ்வளவுதான் விஷயம்.

கன்டெய்னரின் மறதி

சரி, இப்போ டாக்கர் பக்கம் வருவோம். ஒரு சர்வரில் நேரடியாக இன்ஸ்டால் பண்ணிய சாஃப்ட்வேர் ஒரு ஃபைலில் லாக் எழுதினால், அந்த ஃபைல் அங்கேயே கிடக்கும். கன்டெய்னர் அப்படி இல்லை. அதை லாட்ஜ் ரூம் மாதிரி நினைச்சுக்கோங்க. காலி பண்ணிட்டுப் போனால் ரூம் சுத்தமாகிவிடும், நீங்க மேஜையில் விட்டுட்டு வந்த நோட்டும் சேர்ந்தே போகும்.

எப்போ காலி ஆகும்? வெறும் ரீஸ்டார்ட் பண்ணினால் ஆகாது. ஆனால் புது வெர்ஷன் இமேஜ் போடும்போது பழைய கன்டெய்னர் நீக்கப்பட்டு புதுசு வரும். அதற்குள் எழுதியிருந்த ஃபைல்கள் அதோடு போய்விடும். "டாக்கர் லாக்ஸ்" காட்டும் வரிகளும் அப்படித்தான். டாக்கர் இயல்பாக அவற்றை ஹோஸ்ட் மெஷினில் அந்தந்த கன்டெய்னரின் ஐடியில் ஒரு ஜேசன் ஃபைலாக வைக்கிறது. கன்டெய்னரை நீக்கினால் அந்த ஃபைலும் நீங்கும். வாரம் ஒரு முறை டிப்ளாய் பண்ணும் டீம் என்றால், உங்க ஞாபகசக்தியின் நீளம் ஒரு வாரம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. அந்த ஜேசன் ஃபைலுக்கு இயல்பாக அளவு வரம்பு கிடையாது. கன்டெய்னர் மாதக்கணக்கில் ஓடினால் அது வளர்ந்துகொண்டே போய் டிஸ்க்கை நிரப்பிவிடும். அதனால் அதிகபட்ச அளவும், எத்தனை ஃபைல் வைக்கணும் என்பதும் டாக்கர் அமைப்பில் நீங்களே குறிப்பிட வேண்டும்.

ஆக, விதி எளிது: கன்டெய்னர் லாக்கை எழுதலாம், ஆனால் லாக் கன்டெய்னருக்குள் வாழக்கூடாது. வெளியே வைக்க மூன்று வழிகள் இருக்கு.

ஒன்று, ஸ்டான்டர்ட் அவுட்புட்டுக்கு வரி வரியாக எழுதிவிட்டு, வெளியே ஒரு கருவி அதை அள்ளிக்கொண்டு போகட்டும் என்று விடுவது. ஃப்ளூயன்ட் பிட், லோக்கி, கிளவுட்வாட்ச் எல்லாம் இந்த வேலைக்குத்தான் இருக்கின்றன. இரண்டு, கன்டெய்னருக்கு வெளியே இருக்கும் டேட்டாபேஸில் ஒரு டேபிள். மூன்று, வால்யூம் போட்டு ஃபைலில் எழுதுவது. ஒரே ஒரு கன்டெய்னர் இருக்கும் வரை இது ஓகே. நான்கு காப்பி ஓட ஆரம்பித்தால் நான்கும் ஒரே ஃபைலில் முட்டி மோதும். சின்ன டீமுக்கு என் பரிந்துரை இரண்டாவது வழி. கேள்வி கேட்பதும் சுலபம், ஒரு எஸ்க்யூஎல் போதும்.

முதல் வழியில் போகிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. பைதானில் பிரின்ட் பண்ணும் வரிகள் கன்டெய்னருக்குள் உடனே வெளியே வராது, பஃபரில் தேங்கி நிற்கும். கன்டெய்னர் திடீரென்று செத்தால் கடைசிக் கொஞ்சம் வரிகள் அப்படியே தொலையும். நமக்கு அதிகம் தேவைப்படுவதே அந்தக் கடைசி வரிகள்தான். பைதானை பஃபர் இல்லாமல் ஓடச் சொல்லும் என்விரான்மென்ட் வேரியபிள் ஒன்று இருக்கு, அதை டாக்கர்ஃபைலில் போட்டுவிடுங்க.

ஒரு நிஜ உதாரணம்: சூப்பர்செட்

எல்லாத்தையும் நாமே எழுதணுமா? அவசியம் இல்லை. அப்பாச்சி சூப்பர்செட்டை எடுத்துக்குவோம். 2015இல் ஏர்பிஎன்பி கம்பெனிக்குள் ஒரு ஹேக்கத்தானில் பிறந்து, பின்னர் ஓப்பன் சோர்ஸாகி, அப்பாச்சியின் முழு அந்தஸ்து பெற்றதாக 2021இல் அறிவிக்கப்பட்ட டாஷ்போர்டு சாஃப்ட்வேர். பல கம்பெனிகள் இதை டாக்கரில்தான் ஓட்டுகின்றன.

இதில் ஆக்டிவிட்டி லாக் ஏற்கனவே இருக்கு என்பதே நிறைய பேருக்குத் தெரியாது. செக்யூரிட்டி மெனுவுக்குள் 'ஆக்‌ஷன் லாக்' என்று ஒரு பக்கம் இருக்கும், போய்ப் பாருங்க. பின்னாடி அது 'லாக்ஸ்' என்ற டேபிளில் எழுதுகிறது. யூசரின் ஐடி, செய்த செயல், எந்த டாஷ்போர்டு, எந்த சார்ட், நேரம், எத்தனை மில்லிசெகண்ட் எடுத்தது, கூடுதல் விவரங்கள் ஒரு ஜேசனாக.

இங்கேதான் கன்டெய்னர் கதை திரும்ப வருது. அந்த டேபிள் எங்கே இருக்கு? சூப்பர்செட்டின் மெட்டாடேட்டா டேட்டாபேஸில். அது எதுன்னு நீங்க சொல்லாவிட்டால், சூப்பர்செட் தானாகவே ஒரு எஸ்க்யூலைட் ஃபைலை கன்டெய்னருக்குள் உருவாக்கிக்கொள்ளும். கன்டெய்னர் போனால் லாக்கும் போகும், நீங்க கஷ்டப்பட்டு வரைந்த டாஷ்போர்டுகளும் போகும். எனவே முதல் வேலை, வெளியே ஒரு போஸ்ட்கிரெஸ்ஸைக் கொடுத்து அதை இணைப்பது.

இரண்டாவது வேலை, லாக்கை உங்க தேவைக்கு மாற்றுவது. சூப்பர்செட்டின் கான்ஃபிக் ஃபைலில் 'ஈவென்ட் லாகர்' என்று ஓர் அமைப்பு உண்டு. நீங்க ஒரு சின்ன பைதான் கிளாஸ் எழுதி அங்கே கொடுத்தால், ஒவ்வொரு செயலின் போதும் அது கூப்பிடப்படும். அதற்குள் ஜேசனாக ஸ்டான்டர்ட் அவுட்புட்டுக்கு அனுப்பலாம், வேறு இடத்துக்கும் அனுப்பலாம். ஆனால் ஒன்றைக் கவனிங்க: சொந்த கிளாஸ் போட்டதும் பழைய டேபிளில் எழுதுவது நின்றுவிடும், ஆக்‌ஷன் லாக் பக்கமும் புதிதாக எதையும் காட்டாது. இரண்டும் வேணும்னா, ஏற்கனவே இருக்கும் டிபி ஈவென்ட் லாகர் கிளாஸை நீட்டித்து எழுதணும். இதைக் கவனிக்காத டீம், லாக்கை மேம்படுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டே பழைய லாக்கை அணைத்துவிடும்.

அந்த கான்ஃபிக் ஃபைலை ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்குள் போய் எடிட் பண்ணாதீங்க. லாட்ஜ் ரூம் ஞாபகம் இருக்கட்டும். வெளியே இருந்து மவுன்ட் பண்ணுங்க, இல்லைன்னா உங்க சொந்த இமேஜில் சேர்த்து பில்ட் பண்ணுங்க.

சொந்தமா ஃபிளாஸ்க், ஃபாஸ்ட்ஏபிஐ மாதிரி எதிலாவது டாஷ்போர்டு கட்டியவர்களுக்கும் கொள்கை இதேதான். ஒவ்வொரு பக்கத்திலும் லாக் வரியைத் தூவாமல், எல்லா ரிக்வெஸ்ட்டும் கடந்து போகும் ஒரே இடத்தில், அதாவது மிடில்வேரில் வையுங்க. நாளைக்குப் புதுசா ஒரு பக்கம் சேர்த்தாலும் அது தானாகப் பதிவாகும்.

ஒரு வரியில் என்னென்ன இருக்கணும்?

யார், என்ன செய்தார், எதன் மேல், எப்போது, எங்கிருந்து, வெற்றியா தோல்வியா. இந்த ஆறும் போதும். இதில் மூன்று மட்டும் ஆளைக் கவிழ்க்கும்.

முதலாவது 'யார்'. ஐந்து பேர் சேர்ந்து 'அட்மின்' என்ற ஒரே லாகினைப் பயன்படுத்தினால், லாக்கில் 'அட்மின் டவுன்லோட் செய்தார்' என்று வரும். அதை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவீங்க? ஆளுக்கு ஒரு அக்கவுன்ட் இல்லாமல் ஆக்டிவிட்டி லாக் போடுவது, பெயர் கேட்காமல் வருகைப் பதிவேட்டில் டிக் அடிக்கிற மாதிரி. ஆபீஸ் சுவரில் டிவியில் ஓடும் டாஷ்போர்டுக்குத் தனி அக்கவுன்ட் கொடுங்க, அதற்கு எக்ஸ்போர்ட் உரிமை வேண்டாம்.

இரண்டாவது 'எங்கிருந்து'. கன்டெய்னர் முன்னாடி என்ஜின்எக்ஸ் மாதிரி ஒரு ப்ராக்ஸி இருந்தால், உள்ளே இருக்கும் டாஷ்போர்டுக்கு எல்லா ரிக்வெஸ்ட்டும் அந்த ப்ராக்ஸியில் இருந்தே வருவது போல் தெரியும். விளைவு, நாற்பது பேருக்கும் 172.18 என்று ஆரம்பிக்கும் ஒரே டாக்கர் ஐபி. உண்மையான முகவரியை ப்ராக்ஸி ஒரு ஹெடரில் போட்டு அனுப்பும், அதைப் படிக்கச் சொல்லணும். சூப்பர்செட்டில் 'ப்ராக்ஸி ஃபிக்ஸ்' என்ற அமைப்பு இதற்குத்தான் இருக்கு. ஆனால் அந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் பொய்யாக எழுதி அனுப்ப முடியும். உங்க ப்ராக்ஸி எழுதியதை மட்டும் நம்பும்படி அமைக்கணும்.

மூன்றாவது 'எப்போது'. கன்டெய்னர்கள் பெரும்பாலும் யூடிசி நேரத்தில்தான் ஓடும். நம்ம நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னாடி. காலை 9:15க்கு ஆபீஸ் வந்து ரிப்போர்ட் எடுத்தவர், லாக்கில் 3:45க்கு எடுத்ததாகத் தெரிவார். "நடுராத்திரியில் எதுக்கு இவர் லாகின் பண்ணாரு?" என்று யாராவது கேட்டால், ஒரு அப்பாவி மாட்டிக்கொள்வார். தீர்வு, யூடிசியிலேயே சேமியுங்க, ஆனால் வரியிலேயே அது யூடிசி என்று தெரியும்படி எழுதுங்க. காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்க.

எதை எழுதவே கூடாது?

லாக் போட ஆரம்பித்ததும் ஒரு ஆசை வரும்: எதுக்கும் இருக்கட்டுமே, முழு ரிக்வெஸ்ட்டையும் எழுதி வச்சுக்கலாம். வேண்டாம் மக்களே.

2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடி யூசர்களையும் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது. காரணம் ஹேக்கர் இல்லை. ஒரு பிழையால், பாஸ்வேர்டுகள் மறைக்கப்படுவதற்கு முன்னாடியே உள் லாக் ஒன்றில் அப்படியே எழுதப்பட்டிருந்தன. பாஸ்வேர்டுகளை மறைக்காமல் உள்ளே சேமித்து வைத்திருந்ததற்காக மெட்டா கம்பெனிக்கு 2024இல் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 9.1 கோடி யூரோ அபராதம் போட்டது. பாதுகாப்புக்காக வைத்த நோட்டே கசிந்தால் என்ன ஆகும்னு யோசிங்க.

எனவே பாஸ்வேர்டு, டோக்கன், செஷன் குக்கி, வாடிக்கையாளரின் போன் நம்பர் எதுவும் லாக்கில் வரக்கூடாது. '812ஆம் எண் சார்ட்டை எக்ஸ்போர்ட் பண்ணினார், 4,000 வரிகள்' என்பது போதும். அந்த 4,000 வரிகள் என்னென்ன என்பது தேவையில்லை. நீக்கவேண்டியவற்றின் பட்டியல் போடுவதை விட, அனுமதித்த விவரங்களின் பட்டியலை வைத்து அதை மட்டும் எழுதுவது பாதுகாப்பு.

இன்னொரு விஷயம், மனிதர் சம்பந்தப்பட்டது. இந்த லாக்கை வைத்து "இவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை டாஷ்போர்டு பார்க்கிறார்" என்று அப்ரைசல் போட ஆரம்பித்தால், அது கண்காணிப்பு. பாதுகாப்புக்காகச் சேகரித்ததைப் பாதுகாப்புக்கு மட்டும் பயன்படுத்தணும். லாகின் பக்கத்திலேயே ஒரு வரி போடுங்க: உங்கள் செயல்கள் பதிவாகின்றன, இதற்காக, இத்தனை நாள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லாமல் செய்தால்தான் கோபம் வரும்.

எத்தனை நாள் வைக்கலாம்? இந்தியாவில் செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு, ஐடி சிஸ்டங்களின் லாக்குகளை 180 நாட்களுக்குப் பாதுகாப்பாக வைத்திருக்கச் சொல்கிறது. அதை அடித்தளமாக வைத்துக்கொண்டு, உங்க துறைக்குத் தனி விதி இருக்கான்னு லீகல் டீமிடம் கேளுங்க. காலம் முடிந்ததைத் தானாக அழிக்கும் வேலையையும் இப்போதே அமைச்சிடுங்க. இல்லைன்னா அந்த டேபிள் ஒருநாள் உங்க டேட்டாபேஸிலேயே பெரிய டேபிளாக வளர்ந்து நிற்கும்.

கேட்பவர்கள் கேட்டது

"லாக் போட்டா டாஷ்போர்டு ஸ்லோ ஆகுமா?" என்று கேட்டிருந்தீங்க. ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு வரி எழுதுவது, சார்ட்டுக்கான குவெரி ஓடும் நேரத்தோடு ஒப்பிட்டால் பொதுவாகச் சின்ன விஷயம். லாக் வேறு ஊரில் இருக்கும் சர்வருக்குப் போகுதுன்னா மட்டும், அந்தப் பதிலுக்காக யூசரைக் காக்க வைக்காமல் பின்னணியில் அனுப்புங்க.

"லாக் எழுத முடியாமல் போனா என்ன பண்றது?" நல்ல கேள்வி. சார்ட் பார்ப்பது மாதிரி சாதாரண செயல் என்றால், லாக் தோற்றாலும் வேலை நடக்கட்டும், எரரை மட்டும் பதிவு பண்ணுங்க. ஆனால் மொத்தப் பட்டியலையும் எக்ஸ்போர்ட் பண்ணுவது போன்ற செயலுக்கு, பதிவு ஆகாவிட்டால் அனுமதியே இல்லை என்று வைக்கலாம். இது டெக்னிக்கல் முடிவு இல்லை, கம்பெனியின் முடிவு. முன்கூட்டியே பேசி எழுதி வையுங்க.

"அட்மினே லாக்கை அழிச்சா?" அதனால்தான் லாக் எழுதும் டேட்டாபேஸ் யூசருக்குச் சேர்க்கும் உரிமை மட்டும் கொடுக்கணும், மாற்றவோ அழிக்கவோ உரிமை வேண்டாம். டாஷ்போர்டு அட்மினுக்கு எட்டாத இடத்தில் ஒரு நகலும் இருக்கட்டும்.

இந்த வார வேலை

கடைசியா, அரை மணி நேரத்தில் முடியும் ஒரு சோதனை. உங்க டாஷ்போர்டின் டெஸ்ட் சூழலில், சாதாரண யூசராக லாகின் பண்ணுங்க. ஒரு டாஷ்போர்டைத் திறங்க, ஒரு சார்ட்டை டவுன்லோட் பண்ணுங்க, உங்களுக்கு உரிமை இல்லாத ஒரு பக்கத்தைத் திறக்க முயற்சி பண்ணுங்க. மணியைக் குறிச்சுக்கோங்க. இப்போ கன்டெய்னரை நீக்கிவிட்டுப் புதுசாக எழுப்புங்க. பிறகு அந்த மூன்று செயல்களையும் தேடுங்க.

மூன்றும், சரியான பெயரோடும் நேரத்தோடும் கிடைத்தால், மேனேஜர் கூப்பிடும்போது உங்களிடம் பதில் இருக்கும். எது கிடைக்கவில்லையோ, அங்கே இருந்து ஆரம்பிங்க. என்ன கிடைச்சதுன்னு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!